மேகத்துக்குள் மருந்தக்கா

மெத்தைக் கடைக்காரரின் மனைவிக்கு விமானம் ஓட்டுவது தொழில். கேட்ட யாரும் இதை முதல் தடவையிலேயே நம்பியதில்லை. சோபாவுக்குத் துணி பார்க்க வந்தவர்கள், உள்ளேயிருந்து தடித்த காலணியோடு ஒரு பெண் வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, "வீட்டம்மா எங்கே வேலை பாக்குறாங்க?" என்பார்கள். "மேலே" என்பார் கடைக்காரர், வாயில் ஊசியை வைத்துக்கொண்டே. மாடியில் ஏதோ ஆபீஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

விமானத் திடலில் அவளுக்குப் பெயர் மருந்தக்கா. கம்பெனியின் ஒற்றை எஞ்சின் விமானத்தில் பயிருக்கு மருந்து தெளிப்பது அவள் வேலை. அதே திடலில் மருந்து கலக்கும் ஆளாக, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவள்தான். பைலட் சாப்பிடப் போகும் நேரத்தில் விமானத்தின் முன்கண்ணாடியில் அப்பியிருக்கும் பூச்சிகளைத் துடைப்பது அவள் பொறுப்பு. கண்ணாடியைத் துடைக்கிறவளுக்கு அதன் வழியாகப் பார்க்க ஆசை வருவது இயற்கை. ஆசை யாருக்கும் வரும். அதற்காக மூன்று மழைக்காலம் திட்டு வாங்கிக்கொண்டு படிப்பது எல்லோருக்கும் வராது. அவளுக்கு வந்தது.

மருந்தடிக்கிற விமானம் பறப்பது கதிரை உரசுகிற உயரத்தில். வயலின் ஓரம் வந்ததும் மூக்கைத் தூக்கி, இடப்பக்கம் சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த வரிசைக்கு இறங்க வேண்டும். அந்தச் சுற்றின் நடுவில் அவள் இடது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பாள். எங்கே விட்டோம், மின்கம்பி எந்தப் பக்கம், தெளித்த மருந்தைக் காற்று எங்கே தள்ளுகிறது, எல்லாம் அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கொடியில் காயும் துணியையும் அடுப்புப் புகையையும் வைத்தே காற்றைச் சொல்லிவிடுவாள். எதிரே இருக்கும் கருவிப் பலகையை, கல்யாணத்தில் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல, மரியாதைக்கு ஒரு தரம் பார்ப்பதோடு சரி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த தொழிலில் டிரோன் வந்து புகுந்தது. கம்பெனி மருந்தடிக்கும் விமானங்களை விற்றுவிட்டு, தொலைவான குடியிருப்புகளிலிருந்து நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை வாங்கியது. நோய் வானிலை பார்த்து வருவதில்லை. அதனால் மேகத்துக்குள், வெளியே ஒன்றும் தெரியாமல், கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டுகிற உரிமம் வைத்திருப்பவருக்குத்தான் இனி வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"மழை முடியறதுக்குள்ள வாங்கிடுங்க. இல்லைன்னா ஒண்ணும் கெட்டுப்போகல. புக்கிங் கவுன்டர்ல உக்காருங்க. ஏசி ரூம். என்ன குறைச்சல்?"

என்ன குறைச்சல் என்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். "அங்க ஜன்னல்கூடக் கிடையாதுங்க."

"கிடையாதுன்னா அங்க போகாதே. படி" என்றார் அவர்.

கருவி பார்த்து ஓட்டுவதற்கான தரைப் பாடம் ஆன்லைனில் நடந்தது. வாரத்தில் மூன்று மாலை. வீட்டில் சத்தமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், கடைக்குப் பின்னால் பஞ்சு அடுக்கும் அறை. சுவர் தெரியாமல் ஃபோம் ஷீட்டும் ரெக்சின் சுருளும் நிறைந்திருக்கும். உள்ளே பேசினால் குரல் எதிலும் மோதாமல் அப்படியே அமுங்கிவிடும். ஒரு ஸ்டூல், ஒரு லேப்டாப், காலடியில் வெட்டித் தள்ளிய ஃபோம் துண்டுகள். அவளுடைய வகுப்பறை அதுதான்.

"அண்ணி, ரேடியோ ஸ்டேஷன் மாதிரி இருக்கு. நான் வந்து நாலு அறிவிப்பு குடுக்கட்டுமா?" என்றாள் நாத்தனார். அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வீட்டில் உப்பு கேட்டாலும் மூன்றாவது நடைமேடைவரை கேட்கும்.

"நீ வாயை மூடிட்டிருந்தா அதுவே பெரிய உதவி."

"அது என் வேலைக்கு ஆகாது."

பாடம் எடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவளைவிட வயதில் சின்னவர். பெரிய விமானங்களில் துணை பைலட்டாக இருந்து, காதில் ஏதோ நோய் வந்து நிலைதடுமாற்றம் ஏற்பட்டதால் பறக்கக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டவர். சிரிக்க மாட்டார். அவருடைய பூனை மட்டும் அவ்வப்போது கீபோர்டின் மேல் நடந்து பாடத்தில் எதையாவது அழித்துவிடும். வகுப்பில் அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். கேமரா அணையக் கூடாது.

"குரலை மட்டும் வச்சு உங்களுக்குப் புரிஞ்சுதான்னு என்னால சொல்ல முடியாது. முகம் வேணும்" என்றார்.

"ஹெல்மெட் போட்டுட்டு உக்காரலாமா மாஸ்டர்?" என்று கேட்டார் கூடப் படித்த பல் டாக்டர். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர். பிறர் வாயைத் திறக்கவைத்தே பழகியதாலோ என்னவோ, தன் வாயை மூட அவருக்கு வராது.

முதல் வீட்டுப்பாடமே விசித்திரமாக இருந்தது. சுழல் நாற்காலியில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். யாராவது ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று உட்கார்ந்தவர் சொல்ல வேண்டும். கடையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்த சுழல் ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். நாத்தனார் சுற்றினாள். கடைக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடுவராக நின்றார்.

"இடப்பக்கம் சுத்துறே" என்றாள் அவள். சரி. சுற்றிக்கொண்டே இருந்தாள் நாத்தனார். "இப்ப நின்னுட்டே."

"நிக்கலை அண்ணி, கை வலிக்கச் சுத்திட்டிருக்கேன்."

"பொய் சொல்லாதே. நின்னாச்சு." நாத்தனார் அப்போதுதான் கையை எடுத்து ஸ்டூலைப் பிடித்து நிறுத்தினாள். "இப்ப ஏன்டி வலப்பக்கம் சுத்துறே?"

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் வானத்தில் தன்னைக் காப்பாற்றிய உடம்பு, வீட்டுக் கூடத்தில், சொந்த ஸ்டூலில் வைத்து இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறது.

காதுக்குள்ளே நீர் நிரம்பிய மெல்லிய குழாய்கள் இருப்பதையும், திரும்பும்போது அந்த நீர் பின்தங்குவதால்தான் திரும்புகிறோம் என்று நமக்குத் தெரிகிறது என்பதையும், ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் நீரும் கூடவே ஓடத் தொடங்கிவிடுவதால் நேராகப் போவதுபோலவே தோன்றும் என்பதையும் மாஸ்டர் அடுத்த வகுப்பில் விளக்கினார். "வெளியே தெரியற வரைக்கும் கண்ணு அதைத் திருத்திடும். மேகத்துக்குள்ள திருத்த ஆளில்லை."

அவள் குறித்துக்கொண்டாள். பாடம் அவளுக்கு வந்தது. விமானங்கள் இறங்க இடமில்லாதபோது வானத்தில் நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருக்கும் முறை பல பேருக்குப் புரிவதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் எப்படி அந்த வட்டத்துக்குள் நுழைவது என்பதில் பல் டாக்டரே மூன்று முறை வழிதவறினார். அவள் கூடத்தில் ஒரு ரெக்சின் சுருளை நிறுத்திவைத்து அதைச் சுற்றி நடந்தே பழகினாள். நாத்தனார் கட்டுப்பாட்டுக் கோபுரம்.

"பயணிகள் கனிவான கவனத்திற்கு! வடக்கிலிருந்து வந்துகொண்டிருக்கும் அண்ணி, சுருளுக்கு மேலே காத்திருக்கவும். தாமதத்திற்கு வருந்துகிறோம்!"

"கோபுரத்துல யாரும் வருத்தப்பட மாட்டாங்கடி."

"அப்ப அது மரியாதை தெரியாத கோபுரம்."

நடக்கும்போது எல்லாம் சரியாக இருந்தது. வானத்தில்தான் கெட்டது.

பறக்கும் பயிற்சியைக் கம்பெனியின் மூத்த பைலட் கொடுத்தார். வெளியே தெரியாதபடி, குதிரைக்குக் கட்டுவதுபோல ஒரு மறைப்பை அவள் நெற்றியில் மாட்டிவிட்டார். கருவிகள் மட்டுமே தெரியும். எதிரே வேறு விமானம் வருகிறதா என்று அவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நேராகப் பறந்தாள், நன்றாக இருந்தது. உயரம் பிடித்தாள், நன்றாக இருந்தது. "இப்ப இடப்பக்கம் திரும்பிக்கிட்டே மேலே ஏறுங்க" என்றார் அவர். ஏறினாள். அடுத்த நொடி உலகமே புரண்டது. விமானம் தலைகுப்புறக் கவிழ்கிறது என்றது உடம்பு. அதைச் சரிசெய்வதாக நினைத்து அவள் எதிர்ப்பக்கம் இழுத்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த விமானம் அப்போதுதான் உண்மையாகவே கவிழத் தொடங்கியது. மூத்த பைலட் பிடுங்கிக்கொண்டார். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை முயல அவர் விடவில்லை.

இறங்கியதும் மேனேஜர் அறையில் பேச்சு சுருக்கமாக முடிந்தது. "தேர்வுக்கு ஒரே ஒரு தடவை தேதி வாங்கித் தரேன். அதோட சரி."

வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரர் அன்று தைத்துக்கொண்டிருந்த தையலைப் பாதியில் நிறுத்திவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மூன்று தரம் கேட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

தன் காரியத்தில் தோற்றவர்களுக்குக் காரணம் தெரிந்தால் பாதித் துன்பம் போய்விடும். அவளுக்குக் காரணம் தெரியவில்லை. பாடம் தெரிகிறது, கை தெரிகிறது, அந்த ஓர் இடத்தில் மட்டும், தான் வேறு யாரோ ஆகிவிடுவதாகத் தோன்றியது. வயது ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். எளிதில் கிடைக்கிற காரணம் அதுதான்.

அடுத்த வகுப்பில், ஓடுதளம் தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற பாடம் வந்தது. மேகத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்து ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தும் ஓடுதளம் கண்ணில் படாவிட்டால், அதற்குக் கீழே ஒரு அடிகூட இறங்காமல், முழு விசையோடு திரும்பி மேலேறிவிட வேண்டும். மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கணினித் திரையில் மாதிரி விமானத்தை வைத்து அதை ஓட்டிக் காட்ட, மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முறை வந்தது. ஏறித் திரும்பினாள். திரையில் ஒரு பிழையும் இல்லை.

மாஸ்டர் தன் திரைக்கு அருகே குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அக்கா, உங்க பின்னாடி யாரு இருக்காங்க?"

"யாருமில்லை மாஸ்டர். பஞ்சுதான் இருக்கு."

"அப்ப ஏன் அதையே பாக்குறீங்க?"

"நான் எங்க பாத்தேன்?"

"அடுப்புல பால் வச்சுட்டு வந்திருப்பாங்க" என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் வகுப்பின் பதிவை ஓட்டிக் காட்டினார். திரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். விமானத்தைச் சாய்த்ததும், அவளுடைய தலை மெல்ல எழுந்து, இடது தோளுக்கு மேலாகத் திரும்பி, ஃபோம் ஷீட்டுகளை ஒரு கணம் அக்கறையோடு பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் வந்தது. இன்னொரு பதிவு. அதிலும் அப்படியே. அதற்கு முந்தைய வாரத்துப் பதிவிலும். தூக்கத்தில் நடக்கிறவர்களுக்குத் தாங்கள் நடந்ததை யாராவது காட்டினால் இப்படித்தான் இருக்கும்.

"திரும்பினா என்ன மாஸ்டர் ஆகும்?" என்று கேட்டாள்.

"பஞ்சு ரூம்ல ஒண்ணும் ஆகாது. விமானம் திரும்பும்போது கூடவே தலையையும் திருப்பினா, காதுக்குள்ள இருக்கிற ரெண்டு குழாய்த் தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். உலகம் குப்புற விழற மாதிரி இருக்கும். விழாத விமானத்தைக் காப்பாத்தப் போய் விழவச்சிடுவோம்."

அத்தனை பேர் முன்னாலும், பயிற்சிப் பறப்பில் நடந்ததை அவள் அப்படியே சொன்னாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மூத்த பைலட் வெளியே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் தலை திரும்பியது அவர் கண்ணில் படவில்லை. எங்கோ ஓர் அறையில், மடியில் பூனையோடு உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டார்.

"வயசாயிடுச்சுன்னு நெனச்சேன் மாஸ்டர்."

"வயசு வேற. கழுத்து வேற" என்றார் மாஸ்டர்.

நோய் தெரிந்ததும் வீட்டில் ஆளாளுக்கு மருத்துவர் ஆனார்கள். கடைக்காரர் கெட்டியான ஃபோமில் கழுத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ரெக்சின் உறை போட்டு, ஓரத்துக்கு இரட்டைத் தையலும் அடித்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டால் தலை எந்தப் பக்கமும் அசையாது. கல்யாண ஜோடி சோபாவுக்குக்கூட அவர் இவ்வளவு அக்கறையாகத் தைத்ததில்லை என்றாள் நாத்தனார். அந்தப் பட்டையோடு மருந்தக்கா வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

"கழட்டுங்க அக்கா" என்றார் மாஸ்டர். "நாளைக்கு நோயாளி வந்து ஏறுவார். பைலட்டைப் பார்த்துட்டு இறங்கி நடந்தே போயிடுவார்."

"வேற வழி தெரியலையே."

"திரும்பிப் பாக்குறப்போ நீங்க என்ன தேடுறீங்க?"

அவள் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. "எவ்வளவு சாஞ்சிருக்கேன்னு. தரை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு. எந்தப் பக்கம் போயிட்டிருக்கேன்னு. காத்து தள்ளுதான்னு. வேகம் குறைஞ்சு போச்சான்னு. இதெல்லாம்தான்."

"நல்ல கேள்விங்கதானே? அதை எதுக்கு விடணும்? அதையே முன்னாடி பார்த்துக் கேளுங்க."

கருவியை நம்பு என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. எப்படி நம்புவது என்று எதிலும் இல்லை. நம்பு என்று சொன்னதும் நம்பிவிட மனம் என்ன சேவகனா? இத்தனை வருஷமும் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தது வெறும் பழக்கத்தால் அல்ல, கவலையால். கவலையை வாயில் துணி அடைத்து உட்காரவைத்தால் அது வேறு வழியில் திமிறும். அதற்குப் பதில் கிடைக்க வேண்டும். எவ்வளவு சாய்ந்திருக்கிறேன் என்றால் செயற்கைத் தொடுவானம் என்ற கருவி சொல்லும். எவ்வளவு உயரம் என்றால் உயரமானி. எந்தப் பக்கம் என்றால் திசைகாட்டி. எதிரே பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவை அவளுடைய பழைய கேள்விகளுக்கான பதில்கள்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தூரத்துச் சொந்தமாக ஒதுக்கிவைத்திருந்தவர்களிடம் முதல் முறையாக உட்கார்ந்து பேசத் தொடங்கினாள்.

வாய்விட்டே பேசினாள். அதுதான் வீட்டாருக்குத் தொல்லை. குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் திரும்பும்போதெல்லாம், கண் நேரே சட்டியில், "எவ்வளவு சாஞ்சிருக்கேன்? எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம்? வேகம் எவ்வளவு?" என்று முணுமுணுப்பாள்.

"சாயலை, நேராத்தான் இருக்கே. குழம்புதான் சாயுது" என்பார் கடைக்காரர்.

ஸ்கூட்டரில் வளைவில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்த நாத்தனார் ஒரு நாள் அலறினாள். "அண்ணி, ரோட்டுல பின்னாடி பாருங்க! இங்க பாக்கலாம்! பாக்கணும்!"

வகுப்பில் அவள் தலை முதலில் பாதி திரும்பி நின்றது. பிறகு மோவாய் மட்டும் துடித்தது. ஒரு நாள் அதுவும் நின்றது. மாஸ்டர் பதிவை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததாக வகுப்பில் யாருக்கும் நினைவில்லை. பல் டாக்டர் கைதட்டினார்.

எழுத்துத் தேர்வில் தேறினாள், அதுவும் நல்ல மதிப்பெண்ணில். செய்தி கிடைத்தபோது நாத்தனார் பணியில் இருந்தாள். அன்று மாலை நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள், புறப்பாடு வருகை அறிவிப்புகளுக்கு நடுவே, "ஒரு மகிழ்ச்சியான செய்தி. எங்கள் அண்ணி தேர்வில் வெற்றி பெற்றிருக்கிறார். நன்றி" என்று ஒரு குரலைக் கேட்டார்கள். நான்காவது நடைமேடையில் யாரோ விசிலடித்தார்களாம். நிலைய அதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். "பயணிகள் சந்தோஷமாத்தானே சார் போனாங்க?" என்று விளக்கம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆனால் எழுத்து எழுத்துதான். பறக்கும் தேர்வு அப்படியே இருந்தது, ஒரே ஒரு முறை.

அன்று காலை வானம் ஈரத் துணியைத் திடலின் மேல் போர்த்தியதுபோலத் தொங்கியது. தேர்வாளர் நரைத்த மீசைக்காரர். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நெத்தியில மறைப்பே தேவைப்படாது போலிருக்கு. நெஜ மேகம். வேணும்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம். உங்க இஷ்டம்."

"மேகத்துல ஓட்டத்தானே சார் இந்த லைசென்ஸு? போலாம்."

அவர் மீசை லேசாக அசைந்தது. அது சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை.

ஏறிய சற்று நேரத்தில் கண்ணாடி முழுவதும் வெள்ளையானது. மேல் கீழ் என்று எதுவும் இல்லை. உடம்பு உடனே தன் கதையை ஆரம்பித்தது, வலப்பக்கம் சாய்கிறோம் என்று. அவள் கேட்டாள், எவ்வளவு சாஞ்சிருக்கேன்? சாயவே இல்லை என்றது தொடுவானம். சரி என்று அதோடு போனாள். உடம்பு கொஞ்ச நேரம் புலம்பிவிட்டு அடங்கியது. தேர்வாளர் சொன்ன இடத்தில் நீள்வட்டம் போட்டுக் காத்திருந்தாள். பிறகு இறங்க அனுமதி வந்தது. ஓடுதளத்துக்கு வழிகாட்டும் கருவியின் இரண்டு ஊசிகளும் ஒன்றையொன்று நடுவில் வெட்டிக்கொண்டு நிற்க, அவற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். உயரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி உயரத்தை எட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வெள்ளை, வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

இன்னும் கொஞ்சம் இறங்கினால் தெரிந்துவிடும் என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. தாழப் பறந்தே வாழ்ந்தவளின் குரல். அதற்குக் காது கொடுக்காமல் விசையை முழுக்கத் தள்ளி மூக்கைத் தூக்கினாள்.

"இடப்பக்கம் திரும்பி ஏறுங்க" என்றது கோபுரம்.

வயலின் ஓரத்தில் ஆயிரமாயிரம் தடவை செய்த அதே அசைவு. கை இடப்பக்கம் சாய்க்க, கால் மிதிக்க, கழுத்து தன் வேலை வந்துவிட்டது என்று இறுகியது. அவளுக்கு அது தெரிந்தது. பின்கழுத்தில் ஒரு நரம்பு இழுப்பதுபோல் இருந்தது. கீழே ஓடுதளம் தெரிந்திருக்குமோ, ஒரே ஒரு பார்வை. மோவாய் ஒரு நூல் அளவு நகர்ந்திருக்கும்.

"எவ்வளவு சாஞ்சிருக்கேன்?" என்றாள், உரக்க.

தேர்வாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்கிட்டயா கேக்குறீங்க?"

"இல்லை சார், அதுங்ககிட்ட. எவ்வளவு உயரம்? ஏறிட்டிருக்கு. எந்தப் பக்கம்? சரியா இருக்கு. வேகம்? இருக்கு."

தலை நேராக நின்றது. விமானம் வெள்ளைக்குள் சீரான ஒரு வளைவில், ஒரு துளி தண்ணீர்கூடச் சிந்தாத அளவு நிதானமாக ஏறிற்று. உலகம் புரளவில்லை. அவளுக்குள் சந்தோஷம் மெல்ல வரவில்லை, மடை திறந்ததுபோல் வந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. கேள்விகளைத்தான் கத்தினாள், ஒவ்வொன்றாக, இன்னும் உரக்க. தேர்வாளர் தடுக்கவில்லை.

இரண்டாம் முறை இறங்கியபோது, கடைசி உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே மேகம் கிழிந்தது. ஓடுதள விளக்குகள் நேர் எதிரே, இம்மியும் விலகாமல், இரண்டு வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

எஞ்சின் ஓய்ந்த பிறகும் தேர்வாளர் பெல்ட்டை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். "நெறைய பேரைப் பாத்திருக்கேன். சில பேர் சாமியைக் கூப்பிடுவாங்க. சில பேர் பல்லைக் கடிப்பாங்க. கருவிங்ககிட்ட விசாரணை நடத்தின ஆள் நீங்கதான்." பேனாவை எடுத்தார். "இதை நிறுத்திடாதீங்க. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

மேனேஜர் கைகுலுக்கினார். புக்கிங் கவுன்டருக்கு வேறு ஆள் தேட வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். மாஸ்டருக்குச் செய்தி அனுப்பினாள். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "நல்லது." அதைப் பல் டாக்டருக்குக் காட்டியபோது, மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையோ என்று அவர் கவலைப்பட்டார்.

அந்த வாரமே அழைப்பு வந்தது. மலைக்கு அப்பால் ஒரு குடியிருப்பு, அங்கே மரம் வெட்டும்போது கால் நசுங்கிய ஒருவர். கூடவே அவர் மனைவியும் செவிலியரும். அங்கே போய் இறங்கும்வரை மேகத்துக்குள்ளேயே பறந்திருந்தாள்; தரையிலும் காலையிலிருந்து விடாத மழை. ஸ்ட்ரெச்சரை ஏற்றிப் பூட்டும்போது மரவெட்டியின் மனைவி நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "ஏம்மா, எதிர்ல மலையே தெரியலையே. எப்படிம்மா போவீங்க?"

"எனக்கும்தான் தெரியலை. அது எங்க இருக்குன்னு தெரியும், அது போதும். உக்காருங்க."

மேகத்துக்குள் நுழைந்தார்கள். கண்ணாடியில் மழை கோடு கோடாக ஓடியது. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெள்ளை மெல்ல மஞ்சளானது, பிறகு கண் கூசியது. சட்டென்று எல்லாம் திறந்துகொண்டது. மேலே கழுவிவிட்டதுபோல நீல வானம், கீழே எல்லையில்லாமல் வெயிலில் மினுங்கும் வெண்பஞ்சு. மருந்தடித்த வருஷங்களெல்லாம் கதிருக்கு மேல் இருந்தவள், மேகத்துக்கு மேல் வெயில் எப்படி இருக்கும் என்பதைத் தன் கையால் ஓட்டி அன்றுதான் பார்த்தாள்.

"ஐயோ, இங்க வெயிலடிக்குதே!" என்றாள் மரவெட்டியின் மனைவி. புருஷனின் தோளைத் தொட்டு, "இங்க பாருங்க, வெயிலு!" என்றாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் தலையைச் சாய்த்து ஜன்னலைப் பார்த்தார். "துணி காயப்போட்டிருக்கலாம்" என்றார். செவிலியர் சிரித்துவிட்டார். மருந்தக்காவும் சிரித்தாள்.

அந்த வெயிலில் நிறைய நேரம் இருக்க முடியவில்லை. நகரத்துக் கோபுரம் இறங்கச் சொன்னது. "பெல்ட்டை இறுக்கிக்குங்க, மறுபடி மழைக்குள்ள போறோம்" என்றாள். விமானத்தின் மூக்கு வெண்மைக்குள் இறங்கியது. இருட்டு, மழை, ஆட்டம். ஊசிகள் நடுவில் நின்றன.

"ஓடுதளம் தெரியுதா?" என்று கேட்டது கோபுரம்.

"இன்னும் இல்லை. வந்துட்டிருக்கேன்."

சற்றுக் கழித்து மேகத்தின் அடிவயிறு மேலே போனது. நனைந்த தார்ச்சாலைபோல ஓடுதளம் பளபளத்தது. அதன் ஓரத்தில் ஓர் ஆம்புலன்ஸ், கண்ணாடித் துடைப்பான் ஆடிக்கொண்டிருக்க, பின்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.

"தெரியுது" என்றாள் மருந்தக்கா.